வான்கோழி மார்பும் அந்த 2 மணி நேரமும்

சமையல் குறிப்புக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். ஒரே குறிப்போடு மூன்று கிறிஸ்துமஸ் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

முதலில் பின்னணி. என் மாமனார் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் ரயில்வே காலனியில், ஆங்கிலோ இந்திய நண்பர் வீட்டில் சாப்பிட்ட வான்கோழி ரோஸ்ட்டைப் பற்றி ஒவ்வொரு டிசம்பரிலும் பேசுவார். கடம்பத்தூரில் எங்கள் வீட்டில் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி. முழுப் பறவை உள்ளே போகாது. அதனால் மார்பை மட்டும் ரோஸ்ட் பண்ணுவது, காலும் தொடையும் பிரியாணிக்கு என்று முடிவானது.

இணையத்தில் அமெரிக்கக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. சாரம் ஒன்றுதான்: எலும்போடு 6 பவுண்டு மார்பு, தோல் மேல் வெண்ணெய், 325 டிகிரி, சுமார் 2 மணி நேரம், நடுநடுவே திறந்து வடிந்த கொழுப்பை மேலே ஊற்ற வேண்டும். தமிழில் வருகிறவை பெரும்பாலும் இதன் நகல்கள். சிலவற்றில் அந்த 325 பாரன்ஹீட் என்பதுகூட இல்லை. நம்ம ஓடிஜி முள் 250-லேயே நின்றுவிடும். 325 பாரன்ஹீட் என்றால் 163 செல்சியஸ்.

முதல் வருஷம். என் மார்புத் துண்டு 1.1 கிலோ, அதாவது 2.4 பவுண்டு. சின்னது என்று ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தேன். மரத்தூள். மாமாவுக்குப் பல்செட். ரொம்ப நேரம் மென்று, மெதுவாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "நல்லா இருக்கு மாப்ள" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இரண்டாம் வருஷம் கணக்குப் போட்டேன். 6 பவுண்டுக்கு 120 நிமிடம் என்றால் 2.4-க்கு 48. வெட்டினால் எலும்பு ஓரம் பச்சை. மனைவி ஒன்றும் சொல்லாமல் மொத்தத்தையும் குக்கரில் போட்டு, மசாலா சேர்த்து, நாலு விசில் விட்டுக் குழம்பாக்கினாள்.

இரண்டு தடவையும் தப்பு என்னுடையது மட்டும் இல்லை. குறிப்பு நேரத்தைச் சொல்கிறது. வெப்பம் இறைச்சியின் நடுவை அடைய ஆகும் நேரம் எடைக்கு நேர் விகிதத்தில் போகாது. தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது எடையின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்பப் போகும். எடை 8 மடங்கானால் நேரம் 4 மடங்குதான். ஸ்டான்ஃபோர்டு துகள் முடுக்கி மையத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் பனோஃப்ஸ்கி, பவுண்டுக்கு இத்தனை நிமிடம் என்ற வாய்ப்பாட்டில் திருப்தி இல்லாமல், முழு வான்கோழிக்கே இந்த அடுக்கை வைத்து ஒரு சூத்திரம் போட்டிருக்கிறார். அதே அடுக்கில் என் துண்டுக்கு 65 நிமிடம் வருகிறது. 90-ல் காய்ந்ததும் 48-ல் வேகாததும் இப்போது புரிகிறது.

ஆனால் 65-உம் பதில் இல்லை. ஓடிஜிக்குள் தனியாக ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். முள்ளை 160-ல் வைத்தால் உள்ளே 185. வேலை முடிந்ததா என்று பார்க்காமல், பத்து நொடி காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிற நிரலை யாராவது எழுதினால் நான் திருப்பி அனுப்புவேன். சமையல் குறிப்பில் மட்டும் அதையே நம்பினேன்.

பார்க்க வேண்டியது இறைச்சியின் நடு வெப்பம். அமெரிக்க வேளாண் துறை 2006-ல் கோழி இனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குறைந்தபட்ச அளவாக 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் என்று அறிவித்தது. அதற்கு முன் மார்புக்கு 170, முழுப் பறவைக்கு 180. அந்தப் பழைய எண்கள் இன்னமும் சுற்றுகின்றன. 66-ஐத் தாண்டினாலே ஆக்டின் என்ற புரதம் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ள ஆரம்பிக்கும். 80-க்கு மேல் போனால் மார்பு பஞ்சுதான். தொடைக் கறி நேர் எதிர். அதிலுள்ள கொலாஜன் கரைய அதிக வெப்பமும் நேரமும் வேண்டும். முழுப் பறவையை ஒரே அடுப்பில் வைத்து இரண்டையும் சரியாக எடுப்பது கஷ்டம். நம்ம ஊர் விசில் கணக்கு தொடைக்குச் சரி, மார்புக்குக் கொலை. மனைவியின் குழம்பிலும் மார்புத் துண்டுகள் நார் நாராகத்தான் இருந்தன. மசாலா காப்பாற்றியது.

அந்தத் துறைக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுடைய நேர அட்டவணையோடு வெப்பமானியால் சரிபார்க்கும் அறிவுரையும் இருக்கிறது. நகலெடுப்பவர்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டு அறிவுரையை விட்டுவிட்டார்கள்.

அடுத்த குறை, எந்தப் பறவை என்று குறிப்பு சொல்வதே இல்லை. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது மார்பு பெருக்க வளர்த்த வெள்ளை ரகம், பல நேரம் உப்புநீர் ஏற்றியது. இதைத் தேடும்போதுதான் ஒரு விஷயம் கிடைத்தது. 1930-களில் அதே வேளாண் துறை, சின்னக் குடும்பம், சின்ன அடுப்பு இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை என்ற ரகத்தை உருவாக்கத் தொடங்கியது. பெரிய ரகம் வந்ததும் அங்கே அது வழக்கொழிந்தது. இங்கே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் வான்கோழி-1, நாட்டுக் கறுப்பு ரகத்தையும் இந்தச் சிறு வெள்ளையையும் கலந்து வந்தது. சின்ன அடுப்புக்காகப் பிறந்த பறவையின் வம்சம் நம்மிடம் இருக்கிறது. நாம் படிப்பதோ பெரிய பறவைக்கான குறிப்பு.

தோல் விவகாரம் வேறு. திருவள்ளூர் பக்கம் வான்கோழி வாங்கி வெட்டித் தரச் சொன்னால், கை பழக்கத்தில் தோலை உரித்துவிடுவார்கள். தோல் இல்லாத மார்பு வெறும் சூட்டில் காயும். முதலிலேயே "தோலோட வேணும்ணா" என்று சொல்ல வேண்டும். மறந்துவிட்டால் வெண்ணெய் தடவி வாழை இலையில் சுற்றலாம். அடிக்கடி திறந்து கொழுப்பு ஊற்றுகிற வேலை வேண்டாம். சின்ன ஓடிஜியில் கதவைத் திறந்தால் சூடு மொத்தமும் போய்விடும்.

மூன்றாம் வருஷம் முந்தின நாள் இரவே கிலோவுக்கு 15 கிராம் உப்பு தடவி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் வெப்பமானியை எலும்பில் படாமல் நடுவில் குத்தி வைத்தேன். 58-வது நிமிடத்தில் 70 காட்டியது. எடுத்து மூடி வைத்தேன். பத்து நிமிடத்தில் 74-ஐத் தொட்டது. அதைத் தொடவில்லை என்றால் திரும்ப உள்ளே வைக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது.

மாமா முதல் துண்டைச் சாப்பிட்டார். கருத்து எதுவும் சொல்லவில்லை. தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். "இன்னொண்ணு போடுங்க மாப்ள."