கேட்காமலே வெளுக்கும் முகங்கள்

கல்யாண ஆல்பத்தில் முகத்தை ஏன் இப்படி வெளுக்கிறீர்கள் என்று கேட்டால், முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் சிரித்து மழுப்புவார்கள். இப்போது நியாயம் பேசுகிறார்கள். வாடிக்கையாளர் விரும்புவதைக் கொடுப்பதுதான் தொழில், காசு கொடுப்பவருக்கு ரசனை வகுப்பு எடுக்க நாங்கள் யார் என்பது அவர்கள் கட்சி. ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. எடிட்டிங் மேசையில் மட்டும் அதற்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் சொல்வது மரியாதையான வாதம்போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கேட்டார் என்பதை நம்பித்தான் அது நிற்கிறது. அவர் கேட்கவே இல்லை.

திருத்துவதே தவறு என்று சொல்லவரவில்லை. நெகட்டிவ் காலத்திலேயே கூராகச் சீவிய பென்சிலால் 'டச்சிங்' செய்தார்கள். பென்சில் பட்ட இடம் ஒளியைத் தடுக்கும். பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கண்ணடிக் கருமையும் அம்மைத் தழும்பும் அப்படித்தான் மங்கின. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு தூங்காத பெண்ணின் கண்வீக்கத்தைக் குறைப்பதும், அன்றைக்கென்று முளைத்த பருவை எடுப்பதும் நல்ல காரியங்கள். பரு நாலு நாளில் போய்விடும், நிறம் கூடவே இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தவர் கையில் டச்சிங் ஒரு கலை. சிறிய ஸ்டுடியோவின் நெருக்கடியும் புரிகிறது. ஆளுக்கொரு செல்போன் வந்தபின் கல்யாண ஆர்டர்தான் பல கடைகளின் வாடகை.

அந்த நெருக்கடியில்தான் கோளாறு தொடங்குகிறது. அட்வான்ஸ் போக மீதிப் பணம் ஆல்பம் கைமாறும்போதுதான் வரும். 'கரெக்‌ஷன்' என்று ஒரு சுற்று திரும்பி வந்தால் எடிட்டருக்கு மறுபடி வேலை, லேபுக்கு அனுப்புவதில் தாமதம், மீதிப் பணமும் தள்ளிப்போகும். அதனால் ஸ்டுடியோ நல்ல படத்தைவிடப் புகார் வராத படத்தையே தேடுகிறது. கறுப்பாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வருபவர் உண்டு; என்னை ஏன் சிவப்பாக்கினீர்கள் என்று வருபவர் அரிது. எனவே படங்களைத் திறந்ததுமே மொத்தமாக, வெளுப்பதற்கென்று தயாராக வைத்திருக்கும் ஒரு ப்ரீசெட்டை ஏற்றிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் முதன்முதலில் பார்ப்பதே வெளுத்த படத்தைத்தான். ஒப்பிட்டுப் பார்க்க அசல் அவர் முன்னால் இல்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனால் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாய் திறந்தவரின் புகாரை மட்டும் எண்ணுகிறார்கள்; வாய் திறக்காதவரின் மௌனத்தைப் பாராட்டாக வரவுவைக்கிறார்கள். கேள்வியே கேட்காத இடத்தில் 'கேட்டதைக் கொடுத்தோம்' என்பது எப்படிப் பதிலாகும்?

கேட்டாலும் யாரைக் கேட்கிறார்கள்? படம் தேர்ந்தெடுக்க வருவது பெரும்பாலும் பணம் கொடுத்த அப்பா, துணைக்கு ஒரு மாமா. பொண்ணு இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருக்கலாம் என்று அத்தை சொன்னால் அது உத்தரவு. படத்தில் இருப்பவளோ புகுந்த வீட்டில் இருக்கிறாள். உருவப்படத்தைப் பற்றி முதல் வார்த்தை சொல்லும் உரிமை அதில் இருப்பவருக்கு உண்டு. போட்டோ கிளப் விமர்சனங்களிலும் படத்தில் இருப்பவர் கணக்கில் வருவதில்லை. கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளியை, பின்னணியை, கை வெட்டுப்பட்டதை அலசுவார்கள். இது அவருடைய நிறம்தானா என்று கேட்பவர் அபூர்வம்.

ரசனை என்ற பேச்சே ஒரு மறைப்பு என்பது என் பழைய குற்றச்சாட்டு. படம் பிடிக்கும்போது செய்த தவறைத்தான் வெளுப்பு மூடுகிறது. கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக எண்ணியே கணக்குப் போடும். வெள்ளை வேட்டி சட்டையோடு மாப்பிள்ளை ஃப்ரேமை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். தேர்ந்தவர் அங்கேயே ஈடுகட்டுவார். மற்றவர், கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். போதாததற்கு, மேடையில் வீடியோக்காரரின் எல்இடி நேர் எதிரே நின்று வெளிச்சத்தைக் கொட்டுகிறது. மாநிற, கருநிற முகங்களுக்கு வடிவம் தருவது தோலின் மினுமினுப்பு. பக்கவாட்டிலிருந்து வரும் அகன்ற மென்மையான ஒளி அதைக் கன்னமேட்டிலும் மூக்குத்தண்டிலும் எழுப்பும், நேரொளி தட்டையாக்கிவிடும். தட்டையானதை மேலும் வெளுத்து வழவழப்பாக்கினால் கிடைப்பது மாவுப்பொம்மை. முகம் ஒரு நிறம், மருதாணிக் கை இன்னொரு நிறம். போதாக்குறைக்குப் பட்டுப்புடவையின் ஜரிகையும் வெளிறிக் கிடக்கும். இதையா அந்தக் குடும்பம் கேட்டது?

ஃபிலிம்மீது பழி போடுபவர்களும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கோடாக்கின் 'ஷெர்லி' அட்டைகளில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோல்தான் பல பத்தாண்டுகள் லேபுகளில் நிறத்துக்கு அளவுகோல். ஆனால் அதே ஃபிலிம் காலத்தில்தான் பாலுமகேந்திரா மாநிறப் பெண்களை இயல்பான வெளிச்சத்தில் நிறுத்திப் படம்பிடித்தார். 1988-இல் வெளிவந்த 'வீடு' படத்தில் அர்ச்சனா தன் நிறத்திலேயே இருக்கிறார்; அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் பெற்றார். இன்றைய கேமராவின் ரா கோப்பில் இருளிலும் வெளிச்சத்திலும் விவரத்தை மீட்க எவ்வளவோ இடமிருக்கிறது. கருவியைக் காரணம் காட்ட இனி வழியில்லை. மிச்சமிருப்பது சோம்பலும், அதற்குக் கவசமாக வாடிக்கையாளரின் பெயரும்.

பாஸ்போர்ட் படத்தைத் திருத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. விமான நிலையத்தில் முத்திரை குத்தும் அதிகாரிக்கு நம் நிறம் தெரியலாம், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்றா ஆல்பக்காரர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்?

உண்மையிலேயே வாடிக்கையாளரின் விருப்பம்தான் என்றால் அதை நிரூபிப்பது சுலபம். வெளிச்சத்தை ஒழுங்காகக் கணித்து எடுத்த படத்தை, ப்ரீசெட் ஏற்றாமல், படத்தில் இருப்பவரிடமே முதலில் காட்டுங்கள். பரு, கண்வீக்கம் எல்லாம் பேசிய தொகைக்குள் இருக்கட்டும். நிறம் கூட்டுவதை மட்டும் தனி வேலையாக, தனிக் கட்டணத்தோடு பில்லில் எழுதுங்கள். அந்த வரியில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு ரசனையைப் பற்றிப் பேசலாம்.