விலாவா, அடிவயிறா?

மாட்டுக்கு சிசேரியன் செய்யும் முறை பற்றிக் கால்நடை மருத்துவர்களுக்குக் கிடைக்கும் நடைமுறை அறிவுரைகளில் பெரும்பகுதி பெல்ஜியத்திலும் பிரிட்டனிலும் உருவானவை. பெல்ஜியன் புளூ என்னும் சதைப்பற்று மிகுந்த இனத்தில் பத்துக் கன்றுகளில் ஒன்பதுக்கு மேல் வயிற்றைக் கீறித்தான் எடுக்கிறார்கள். அங்கே ஒரு கிராம மருத்துவர் ஓராண்டில் செய்யும் சிசேரியன்களின் எண்ணிக்கையை நம் மருந்தக மருத்துவர் பணி ஓய்வு வரைக்கும் எட்ட மாட்டார். அவ்வளவு கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்வதைத் தட்டிவிட முடியாது. ஆனால் அவர்கள் சொல்வது எந்த மாட்டுக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் பொருந்தும் என்பதைப் பார்க்காமல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதைப் பின்பற்றினால் மாடு செத்துப்போகும். மறுபக்கத்தில், நம் கல்லூரிகளில் கற்றுத்தரும் முறையே எல்லா மாட்டுக்கும் போதும் என்று இருந்துவிட்டால், பிழைத்திருக்கக்கூடிய கன்றுகளை இழப்போம். இரண்டையும் எடைபோட்டுத்தான் ஆகவேண்டும்.

ஐரோப்பிய முறை இது. மாடு நின்றபடி இருக்க வேண்டும். இடப்புறம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மேலிருந்து கீழாகக் கீறல். முதுகெலும்பை ஒட்டி வெளிவரும் நரம்புகளை மரக்கச் செய்து வலியை அடக்குகிறார்கள். கன்றின் பின்னங்கால் முட்டியையும் குளம்பையும் கருப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக் காயத்தின் வாய்க்குக் கொண்டுவந்து, வெளியே வைத்துக் கருப்பையைத் திறக்கிறார்கள். இதில் ஒவ்வொரு படிக்கும் நியாயம் உண்டு. இடப்பக்கம் பெருவயிறு இருப்பதால் குடல் சரிந்து வெளியே வராது. நிற்கும் மாட்டுக்கு வயிறு உப்பி மூச்சு முட்டாது. தையல் உயரத்தில் இருப்பதால் மாடு படுக்கும்போது சாணத்திலும் மண்ணிலும் படாது. குடல் பாரம் தையல்மேல் நேராக இறங்காது.

இந்த நியாயங்களுக்கு அடியில் சொல்லாமல் விட்ட நிபந்தனைகள் சில இருக்கின்றன. கன்று உயிரோடிருக்க வேண்டும். செத்திருந்தாலும் அழுகத் தொடங்கியிருக்கக் கூடாது. மாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கத் தெம்பு வேண்டும். அதை அசையாமல் நிறுத்த டிராவிஸ் வேண்டும், ஆள் வேண்டும்.

நம் மாவட்டத்தில் மருத்துவர் கைக்கு வரும் மாடு பெரும்பாலும் எப்படி வருகிறது? தலையீற்று ஜெர்சி கலப்பினக் கிடேரி. பனிக்குடம் முதல் நாள் இரவே உடைந்திருக்கும். பக்கத்து வீட்டு ஆட்கள் கயிறு கட்டி இழுத்துப் பார்த்திருப்பார்கள். யாரோ ஒருவர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருப்பார். விடிந்த பிறகு மருந்தகம்; அங்கிருந்து குட்டி யானையில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு. கந்தர்வகோட்டைப் பக்கமென்றால் 2012-இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் என்று அங்கே. வந்து சேரும்போது கன்று செத்து, காற்றுக் கோத்து வீங்கியிருக்கும். கருப்பை வறண்டு கன்றின்மேல் ஒட்டியிருக்கும். மாடு படுத்துவிட்டிருக்கும். இந்த மாட்டை எழுப்பி நிறுத்தி விலாவில் கீறினால், நடுவில் அது சரிந்து விழும்போது திறந்த வயிறு மண்ணில் கிடக்கும். அப்படி விழாவிட்டாலும், அழுகிய கருப்பையைக் காயத்தின் வாய்க்கு இழுத்துவர முடியாமல் உள்ளேயே திறக்க நேரும். அந்த நீர் முழுவதும் வயிற்றறையில் கொட்டும். அதற்குமேல் எந்த ஆன்டிபயாடிக்கும் பெரிதாக உதவாது.

அதனால்தான் இந்தியக் கல்லூரி மருத்துவமனைகள் வேறு வழியைப் பழக்கமாக்கிக்கொண்டன. மாட்டை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இடது அடிவயிற்றில், மடியிலிருந்து வரும் பால் நரம்புக்கு மேலே அதை ஒட்டினாற்போல் சாய்வாகக் கீறுவது. கருப்பை அங்கே தன் எடையாலேயே காயத்தின் பக்கம் வந்து நிற்கும். கொட்டும் அழுக்கு உள்ளே போகாமல் வெளியே வழியும். வீங்கிய கன்றை இழுக்க இடமும் இருக்கும். இழப்புகளும் உண்டு: தையல் தரைக்கு அருகில் இருக்கும், ஈயும் மண்ணும் படும், தசை சரியாகப் பிடிக்காவிட்டால் குடல் இறங்கிப் புடைக்கும், படுத்த மாட்டுக்கு வயிறு உப்பி, இரை மேலேறி மூச்சுக்குழாயில் போகும் ஆபத்தும் இருக்கிறது. தலையைச் சற்றுத் தாழ்த்தி, கழுத்துக்குக் கீழே சாக்குச் சுருள் வைத்து வாய்நீர் வெளியே வடியும்படி கிடத்தினால் இந்தக் கடைசி ஆபத்து பெருமளவு குறையும்.

இந்த முறைக்கு நாம் காட்டும் சான்றுகள் எவ்வளவு கனமானவை என்பதையும் பார்க்க வேண்டும். நம் நூல்களிலும் இதழ்களிலும் வருபவை பெரும்பாலும் கல்லூரி மருத்துவமனைக்குத் தாமதமாக வந்த மாடுகளின் தொகுப்புகள். மாடு வீடு திரும்பியதா என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அது மறுபடி சினை பிடித்ததா, அடுத்த கன்றைத் தானாக ஈன்றதா என்பது அவற்றில் அரிதாகவே வரும். ஒரே நிலையில் வந்த மாடுகளை இரண்டாகப் பிரித்து இரண்டு முறையையும் ஒப்பிட்டவை மிகக் குறைவு. ஐரோப்பியத் தொகுப்புகளோ உயிருள்ள கன்றும் தெம்புள்ள மாடுமாகக் குறித்த நேரத்தில் செய்தவை. இரு தரப்பும் தத்தம் மாடுகளுக்குச் சரியாகவே சொல்கிறது; மற்றவர் மாட்டுக்குச் சொல்ல இரண்டுக்குமே சான்று இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கன்று செத்து அழுகியிருந்தாலோ மாடு நிற்க முடியாமலோ இருந்தால் அடிவயிற்றுச் சாய்வுக் கீறல்தான் சரி. அதை ஏழ்மையின் மாற்றுவழி என்று தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. கன்று உயிரோடிருந்து மாடு உறுதியாக நின்றால் விலாக் கீறல்தான் முதல் தேர்வு. அந்த மாட்டையும் பழக்கத்தால் தள்ளிப் படுக்கப் போடுவது தவறு. 1962 எண்ணுக்கு அழைத்தால் வீட்டுக்கே வண்டி வரும் இந்தக் காலத்தில், நேரத்தோடு பார்க்கப்படும் மாடுகள் கூடிக்கொண்டுதான் போகும். விலாக் கீறலைச் செய்யத் தெரியாத இளம் மருத்துவர் அந்த மாடுகளுக்கு முன்னால் கைகட்டி நிற்கக் கூடாது.

ஆனால் எங்கே கீறுவது என்ற வாதத்துக்கு நாம் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது எப்போது கீறுவது என்பதற்குக் கொடுக்க வேண்டும். மாட்டின் உயிரை அதிகம் தீர்மானிப்பது அதுதான். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அதற்குப் பிறகு காத்திருப்பதில் லாபம் இல்லை. இழுத்துப் பார்ப்பதற்கும் ஓர் அளவு உண்டு. தலை முன்னாக வரும் கன்றில், இரண்டு பேர் சீராக இழுத்தால் குளம்புக்கு மேலுள்ள மூட்டு பிறப்புவாய்க்கு வெளியே ஒரு கையகலம் வரவேண்டும். வந்தால் தோள் இடுப்பெலும்புக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். பின்னாக வரும் கன்றில் பின்னங்கால் முட்டி வெளியே தெரிய வேண்டும். இது நடக்கவில்லையென்றால் மூன்றாம் ஆளையும் நான்காம் ஆளையும் கூப்பிடுவது கன்றின் விலாவையும் தாயின் நரம்பையும் நசுக்கும் வேலை. “சார், இன்னும் ரெண்டு ஆளு வச்சு இழுத்துப் பாத்துருவோமா?” என்று மாட்டுக்காரர் கெஞ்சுவார். “வேணாம்ணே, இனி இழுத்தா மாடும் போயிரும்” என்று சொல்லும் உறுதி, கத்தி பிடிக்கத் தெரிவதைவிட அரிது.

நேரத்தைத் தின்னும் இன்னொன்று, ‘வாய் திறக்கும் ஊசி’. கருப்பை வாய் விரியவில்லை என்றால் மருந்து போட்டுச் சில மணி நேரம் பார்ப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. கன்று உயிரோடிருக்கும் மாட்டில் ஒருமுறை, நேரத்தைக் குறித்துவைத்துப் பார்க்கலாம். அதுவும் கருப்பை முறுக்கிக்கொள்ளவில்லை என்று கைவிட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. முறுக்கம் இருக்கையில் ஆக்ஸிடோசின் போட்டால் கருப்பை கிழியும். முறுக்கத்தைப் பலகை வைத்து உருட்டி அவிழ்ப்பது நல்ல முறை. முறுக்கிய பக்கமாக மாட்டைப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் பலகையை மிதித்து, அதே பக்கமாக உருட்ட வேண்டும். எருமையில் முறுக்கம் பெரும்பாலும் வலப்பக்கமாக இருக்கும். பசுவில் எந்தப் பக்கம் என்பதைக் கைவைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. மூன்று முறை உருட்டியும் அவிழவில்லையென்றால், அல்லது அவிழ்ந்தும் வாய் விரியவில்லையென்றால், கத்தியை எடுத்துவிட வேண்டும். நாள் கடந்த முறுக்கத்தில் மேலும் மேலும் உருட்டுவது நைந்த கருப்பையைக் கிழிப்பதில் முடியும்.

சிசேரியனே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. கன்று செத்து, கருப்பை வாய் நன்றாக விரிந்து, பாதை வீங்காமல் இருந்தால், கம்பி ரம்பத்தால் கன்றின் தலையையோ ஒரு காலையோ அறுத்து எடுத்தாலே மீதி வந்துவிடும். தாயின் வயிறு தப்பும். இந்தத் திறமை நம்மிடம் மங்கிக்கொண்டு வருவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. பிரிட்டனில் பிழைப்பது அரிது என்று தெரிந்த மாட்டைக் கசாப்புக்கோ கருணைக்கொலைக்கோ விடுவார்கள். தமிழ்நாட்டில் 1976 அரசாணையின்படி பசுவை அறுக்க முடியாது. கருணைக்கொலைக்கும் வீட்டார் எளிதில் சம்மதிப்பதில்லை. எனவே இங்கே கையில் இருக்கும் வழிகள் குறைவு. இருக்கும் ஒன்றையும் மறந்துவிடக் கூடாது.

மருந்துகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஆன்டிபயாடிக்கை அறுவைக்கு முன்பே போடுங்கள். தைத்து முடித்த பிறகு போடுவது பாதிப் பயன்தான். மாட்டை அடக்க வழக்கமாக எடுக்கும் சைலசின், உயிருள்ள கன்று இருக்கும்போது வேண்டாம்: கருப்பையை இறுக்கும், கன்றின் மூச்சைத் தாழ்த்தும், நிற்கும் மாட்டைப் படுக்க வைக்கும். சோர்ந்து படுத்த மாட்டுக்குக் கீறுவதற்கு முன் பல லிட்டர் உப்புக்கரைசல் ஏறியிருக்க வேண்டும். வலிக்கு மெலாக்சிகம். டைக்ளோபினாக் 2006-இலும், கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் 2023-இலும் கால்நடைக்குத் தடைசெய்யப்பட்டவை. இவை பாறு கழுகுகளைக் கொல்பவை; மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் அந்தக் கழுகுகள் நம் மருந்துப் பெட்டியோடு தொடர்புள்ளவைதாம். அழுகிய கருப்பையில் கேட்கட் நூல் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் கரைந்துவிடும். விலை கூடினாலும் கருப்பைக்கு மட்டுமாவது பாலிகிளாக்டின் நூலால், விளிம்பு உள்ளே மடியும்படி, தைக்க வேண்டும். இளங்கொடி எளிதில் வந்தால் எடுக்கலாம். வராவிட்டால் தொங்குவதை வெட்டிவிட்டு மீதியை விட்டுவிட வேண்டும், தையலில் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. மூடுமுன் இன்னொரு கன்று இருக்கிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பதை எந்த அவசரத்திலும் தவிர்க்கக் கூடாது. கையுறை பற்றிப் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். கன்றுவீச்சு நோய்க் கிருமி மருத்துவரின் கைக்கீறல் வழியே நுழைந்து ஆண்டுக்கணக்கில் மூட்டுவலியும் காய்ச்சலும் தரும்.

செம்மறி ஆட்டுக்கு வந்தால் எடை மாறுகிறது. கீதாரிகள் கிடை போடும் இடத்தில் ஓர் ஆடு குட்டி போட முடியாமல் தவித்தால் கறிக்கடைக்காரர் உடனே விலை பேச வந்துவிடுவார். அறுவைக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு ஆட்டின் விலைக்கு ஈடாகுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மாட்டைவிட ஆட்டில் இந்த அறுவை எளிது. ஒரு மேசை, ஓர் ஆள், இடது விலாவில் ஒரு சாண் கீறல் போதும், மருந்தகத்திலேயே முடியும். கருப்பை வாய் இறுகி நின்றுவிட்ட ஆட்டில் விரலால் மெல்ல விரித்துப் பார்த்து, அரைமணி நேரத்தில் இளகவில்லையென்றால் கீறிவிடலாம். ஊசிக்குக் காத்திருந்து குட்டியைச் சாகவிடக் காரணமே இல்லை.

ஆட்டில் நடக்கும் பெரிய தவறு மரப்பு மருந்தின் அளவில் இருக்கிறது. மாட்டுக்குப் போட்டுப் பழகிய கை 2 சதவீத லிக்னோகெயினை ஆட்டுக்கும் தாராளமாகப் போட்டுவிடும். ஆட்டுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. நம் பக்கத்துச் செம்மறி 25 கிலோ என்றால் 125 மில்லிகிராம், அதாவது 6 மில்லிக்குச் சற்றே கூட. அதில் கீறல் முழுவதும் மரக்காது என்பதால் சம அளவு கிருமிநீக்கிய உப்புக்கரைசல் கலந்து 12 மில்லியாக்கிக்கொள்ள வேண்டும். அளவு மீறினால் ஆடு உதறும், வலிப்பு வரும், மேசையிலேயே போகும். பிறகு ‘ஆட்டுக்கு ஆபரேஷன் தாங்காது’ என்று ஊரெல்லாம் பேசும். சைலசினையும் செம்மறி மாட்டைப் போலத் தாங்குவதில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குட்டி ஒன்றை எடுத்ததும் கருப்பையின் மறுகொம்பையும் பார்க்க வேண்டும்.

கறிக்கடைக்கு அனுப்புவதா, கீறுவதா என்ற முடிவு முதல் ஊசிக்கு முன்னால் எடுக்கப்பட வேண்டும். மருந்து ஏறிய ஆட்டை அன்றே அறுத்தால் அது சாப்பிடுகிறவர் தட்டுக்குப் போகிறது. ஆட்டுக்காரரிடம் இதை மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செலவையும், ஆடு பிழைக்கும் வாய்ப்பையும், குட்டி கிடைக்குமா என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிட வேண்டும்.

2011-இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு, ஆடு திட்டத்தில் மாடு பெற்ற பெண்கள் பலருக்கு அந்த ஒற்றை மாடுதான் மாதவருமானம். அவர்கள் வீட்டு மாட்டுக்கு இப்படியொரு அறுவை நடந்தால், தையல் பிரிக்கும் நாளன்றே அடுத்த சினை ஊசியைப் பற்றியும் பேசிவிட வேண்டும். குறைந்தது மூன்று மாதம் இடைவெளி. அதற்கு முன் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். சமவெளிக்கு ஜெர்சி என்பதுதான் மாநிலத்தின் இனப்பெருக்கக் கொள்கை. பால் கூடும் என்ற ஆசையில் சிறிய உடல்வாகுள்ள மாட்டுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் விந்து கேட்பவர்களுக்கு அறுவை செய்த மருத்துவரே மறுப்பு சொல்ல வேண்டும். கிடேரி வளர்ந்த மாட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டாமல் ஊசி போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். மருந்தகப் பதிவேட்டில் பனிக்குடம் உடைந்த நேரம், கீறிய நேரம், கீறிய இடம், கன்றின் நிலை, அடுத்த சினை என்று ஐந்து பத்திகள் போட்டு, அந்த ஐந்தாவதை ஓராண்டு கழித்து மாட்டுக்காரருக்குப் போன் செய்து கேட்டு நிரப்பினால், விலாவா அடிவயிறா என்பதற்கு இந்த மாவட்டத்துக்கே உரிய பதில் சில ஆண்டுகளில் கிடைத்துவிடும்.