பணிப்பாளர் சபையிற் பெண்கள்: நோர்வேச் சட்டம் பற்றி ஒரு நோக்கு

கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளிற் பெண்கள் பெறும் இடம் பற்றி எழும் விவாதங்களில் நோர்வே தவறாது மேற்கோளாகின்றது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பொதுக் கம்பனிகளின் சபைகளில் ஆண், பெண் இருபாலாருள் எவரும் ஏறத்தாழ 40 சதவீதத்திற் குறையலாகாதென விதித்தது. முதலில் இணங்குவது கம்பனிகளின் விருப்பத்துக்கே விடப்பட்டது; பயன் போதவில்லை. 2006இல் கட்டாயம் புகுத்தப்பட்டு, இணங்காத கம்பனி கலைக்கப்படலாம் என்ற நிலை வந்தபின்னரே, பத்திலொரு பங்கும் இல்லாதிருந்த பெண்கள் தொகை 2008இல் நாற்பது சதவீதத்தை எட்டியது. இதனை 2002இல் முன்மொழிந்த அமைச்சர் அன்ஸ்கார் காப்ரியல்சன் இடதுசாரியல்லர்; கன்சர்வேட்டிவ் கட்சியினர். சட்டத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள இச்செய்தி உதவும்.

எதிர்த்தோரின் தலையாய வாதம் தகுதி பற்றியது. போதிய தகைமையுள்ள பெண்கள் இலர் என்றனர். மரியான் பெர்ட்ரான்ட் முதலிய பொருளியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்தின் அடித்தளத்தையே அசைக்கின்றது. சட்டத்தின்பின் நியமனம் பெற்ற பெண்கள், முன்னர் அவ்விடங்களில் இருந்த பெண்களைவிடப் பலவகையிலும் தகைமை மிக்கோராயிருந்தனர். தகுதியுடையோர் இருந்தனர்; தேடுவார் இலர். தமக்கு அறிமுகமான வட்டத்துக்குள்ளேயே ஆள் பொறுக்கும் ஆடவர் வழக்கத்துக்கே தகுதி என்ற பெயர் சூட்டப்பட்டிருந்தது எனலாம். பல சபைகளில் ஒருங்கே அமர்ந்த பெண்கள் 'தங்கப் பாவாடைகள்' எனப் பரிகசிக்கப்பட்டதையும் இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். பல சபைகளில் ஆடவர் அமர்ந்த காலத்தில் அவர்தம் உடை பேச்சுக்குரியதாகவில்லை.

எனினும், அதே ஆய்வு சட்டத்தின் ஆதரவாளரையும் சங்கடத்துக்குள்ளாக்குகின்றது. சபைக்கு வெளியே, அக்கம்பனிகளில் தொழில்புரிந்த ஏனைய பெண்களின் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதனையும் அது காணவில்லை. இதில் வியப்பதற்கில்லை. நோர்வேயிற் பணிப்பாளர் சபை மேற்பார்வைக்குரியது. அவ்வப்போது கூடிக் கலைவது. யாரைச் சேர்ப்பது, யாரை உயர்த்துவது, மகப்பேற்று விடுப்பிலிருந்து மீண்டவளுக்கு எவ்வேலையைக் கொடுப்பது என்பனவெல்லாம் முகாமையாளரின் அறையில் முடிவாகின்றன. அவ்வறையைச் சட்டம் தொடவில்லை. மேலிடத்திற் சில பெண்கள் அமர்ந்தால் நன்மை தானே கீழிறங்கும் என்ற நம்பிக்கை, செல்வந்தரின் செல்வம் வறியோரிடம் தானே வழிந்து சேரும் என்ற பழைய நம்பிக்கையின் உடன்பிறப்பேயாகும்.

தனியார் கம்பனிகளுக்குச் சட்டம் பொருந்தாமையால், பொதுக் கம்பனி வடிவத்தைக் கைவிட்டு நழுவ வழியிருந்தது. 2023இன் இறுதியிற் பெரிய தனியார் கம்பனிகளுக்கும் ஒதுக்கீடு படிப்படியாக விரிக்கப்பட்டதால் அவ்வழி பெரிதும் அடைபட்டுள்ளது. ஆயினும் விரிக்கப்பட்ட இவ்விதியும் பணிப்பாளர் சபையின் வாசலோடு நின்றுவிடுகின்றது.