வாத்தியார் உத்தியோகமும் ஒரு நாவலும்

ஜான் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'ஸ்டோனர்' நாவல் 1965ல் வெளிவந்தது. அப்போது இரண்டாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை. ஆசிரியர் 1994ல் காலமானார். 2011ல் பிரெஞ்சில் வந்த பிறகுதான் ஐரோப்பாவெங்கும் வாங்கிப் படித்தார்கள். படித்தவர்களில் பலர், "அருமையான புத்தகம், ஆனால் ஒரே சோகம்" என்கிறார்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பிற்பாதியில்தான் எனக்குச் சண்டை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. 1910ல் ஒரு குடியானவன் மகன் விவசாயம் படிக்க மிசௌரி சர்வகலாசாலைக்கு வருகிறான். இலக்கிய வகுப்பில் ஷேக்ஸ்பியரின் பாட்டு ஒன்றுக்கு அர்த்தம் கேட்கிறார் வாத்தியார். பையனுக்கு வாய் திறக்க வரவில்லை; ஆனால் விவசாயப் படிப்பு அதோடு போயிற்று. அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1956ல் சாகிற வரை அங்கேயே இருக்கிறார் ஸ்டோனர். உதவிப் பேராசிரியர் என்ற படிக்கு மேல் ஏறவே இல்லை.

ஏறாததற்கு முக்கியக் காரணம் ஒரு வாய்மொழிப் பரீட்சை. லோமாக்ஸ் என்ற சக ஆசிரியருடைய செல்லப் பிள்ளை வாக்கர், பாலபாடக் கேள்விகளுக்கே திருதிருவென்று விழிக்கிறான். தேற்ற மாட்டேன் என்கிறார் ஸ்டோனர். லோமாக்ஸோ இலாகாத் தலைவராக வரப்போகிறவர். வேலை நிரந்தரமான ஆசிரியரைத் தலைவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் டைம்டேபிள் அவர் கையில் இருக்கிறதே! வாரத்தில் ஆறு நாள், ஒன்றோடொன்று ஒட்டாத நேரங்களில் வகுப்பு. அதிலும் பெரும்பாலும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிற வேலை. நேற்றுச் சேர்ந்த இளைஞன்கூட முகம் சுளிப்பான். வில்லன் கையில் கத்தியையும் விஷத்தையும் கொடுத்த நாவலாசிரியர்கள் அநேகம். டைம்டேபிளைக் கொடுத்தவரை நான் இங்கேதான் பார்த்தேன். வில்லியம்ஸ் டென்வர் சர்வகலாசாலையில் ஏறக்குறைய முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். சும்மா வருமா இது?

ஸ்டோனர் பல வருஷம் பொறுத்துக்கொள்கிறார். பிறகு ஒருநாள் கட்டுரைப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, மேல்வகுப்புக்குரிய இடைக்கால இலக்கியத்தை அந்தச் சின்னப் பையன்களுக்கே நடத்தத் தொடங்குகிறார். அவர்கள் திண்டாடுகிறார்கள், புகார் போகிறது, லோமாக்ஸ் குதிக்கிறார். கடைசியில் வேறு வழியின்றிப் பழைய வகுப்புகளைத் திருப்பிக் கொடுக்கிறார். புத்தகத்திலேயே நான் வாய்விட்டுச் சிரித்த இடம் இதுதான். பதவி உயர்வு கேட்டா அந்தக் குறும்பு? தம் பாடத்தைத் திரும்பக் கேட்கிறார், அவ்வளவுதான்.

கிங்ஸ்லி ஏமிஸின் 'லக்கி ஜிம்' (1954) வாசகர்களுக்கு ஞாபகம் வரலாம். அந்த ஜிம் தான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையையே வெறுப்பவன். லண்டனில் வேறு உத்தியோகம் கிடைத்ததும் தப்பித்தோம் என்று ஓடுகிறான். அவனுக்கு வேலையே பிடிக்கவில்லை. ஸ்டோனருக்கு வேலை உயிர். உத்தியோகம்தான் அவரைப் பிடுங்குகிறது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய நாவலைச் சோகக் கதை என்று ஒரே வார்த்தையில் தள்ளலாமா?

குறையும் உண்டு. லோமாக்ஸுக்குக் கூன் முதுகு, வாக்கருக்குக் கை கால் ஊனம். கெடுதல் செய்கிறவர்களுக்கு உடற்குறை வைப்பது மட்டமான உத்தி. டைம்டேபிளை யோசித்தவருக்கு இது தேவையில்லை. மனைவி ஈடித்தின் கொடுமைக்கும் போதிய காரணம் தரவில்லை.

ஸ்டோனர் ஒரு வீரர், அவருக்கு நல்ல வாழ்வே வாய்த்தது என்று ஆசிரியர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. ஸ்டோனர் எழுத நினைத்த இரண்டாவது புத்தகம் எழுதப்படவே இல்லை. அதற்கான பொழுதில் பாதியை வீடு தின்றது. மீதியை டைம்டேபிள் தின்றது.