தேசம் என்ற சொல்லும் அம்பேத்கரின் தயக்கமும்

ஒவ்வொரு ஜனவரி 26-க்கும் எங்க மீமிசல் வாட்ஸப் குழுவுக்கு அம்பேத்கர் வந்துவிடுவார். மூவர்ணப் பின்னணி, நீலக் கோட்டு, கீழே இரண்டு வரி: அரசியலில் சமத்துவம் வந்துவிட்டது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் வரவில்லை என்ற பொருளில். நாலு பேர் கைகூப்புவார்கள். அடுத்து ஒருவர் ராக்கெட் ஏவும் வீடியோவைப் போடுவார். அந்த இரண்டு வரி எந்த உரையிலிருந்து எடுக்கப்பட்டதோ அதை முழுசாகப் படித்தவர் யாரும் மூவர்ணத்தை அவ்வளவு தாராளமாகப் பூசியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

1949 நவம்பர் 25. அரசியலமைப்பு ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள். அரசியல் நிர்ணய சபையில் வரைவுக் குழுத் தலைவராக அம்பேத்கர் பேசுகிறார். முதல் பாதி வக்கீலின் பேச்சு, விமர்சனங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில். பிறகு குரல் மாறுகிறது. நாம் ஏற்கெனவே ஒரு தேசமாகிவிட்டோம் என்று நம்புவது வெறும் மயக்கம் என்கிறார். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படித் தேசமாக முடியும் என்று கேட்கிறார். சாதிகளைத் தேசவிரோதமானவை என்கிறார். இன்றைக்கு அந்தச் சொல் யார் யார்மேல் வீசப்படுகிறது என்று பார்த்துவிட்டு இந்த இடத்தைப் படித்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

இதற்கு அவர் காட்டும் உதாரணம் அமெரிக்கா. ஜேம்ஸ் பிரைஸின் நூலிலிருந்து ஒரு சம்பவம். அங்கே ஒரு திருச்சபை, மக்கள் எல்லோருக்குமான ஜெபத்தில் ‘தேசம்’ என்ற சொல்லைச் சேர்க்கப் பார்த்தது. அந்தச் சொல் ஒற்றுமையை ரொம்ப உறுதியாகச் சொல்கிறது என்று சபையோர் ஆட்சேபிக்க, ‘இந்த ஐக்கிய மாநிலங்கள்’ என்று மாற்றிக்கொண்டார்கள். கொண்டாட்ட மேடையில் சொல்ல ஒருவர் தேர்ந்தெடுத்த கதை இது! எங்க வேலையில், முடிந்தது என்று மூடிய டிக்கெட்டைத் திரும்பத் திறக்கிறவரை யாருக்கும் பிடிக்காது. இந்த உரை அப்படித் திறக்கிற உரை.

உரை தடுமாறும் இடமும் இதையொட்டியே வருகிறது. அமெரிக்காவில் சாதிப் பிரச்சினை இல்லை என்கிறார். அவர் பேசிய அன்று அமெரிக்கத் தெற்கில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, பஸ்ஸில் தனி இருக்கை, எல்லாம் சட்டப்படி. பள்ளிப் பிரிவினைக்கு எதிரான தீர்ப்பு 1954-இல்தான், குடியுரிமைச் சட்டம் 1964-இல்தான். அவருக்கு இது தெரியாமல் இல்லை. 1913 முதல் மூன்று ஆண்டுகள் கொலம்பியாவில் படித்தவர், 1946-இல் ஐ.நா.வுக்குக் கறுப்பினத்தவர் அனுப்பிய மனுவின் பிரதி கேட்டு டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர். வாதத்துக்கு ஓர் எதிர்நிலை வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது. அதனால் இழப்பு உண்டு. பிரைஸின் கதையில் இன்னும் முடியாத நாடாக இருந்த அமெரிக்கா, இந்த ஒரு வாக்கியத்தில் முடிந்த நாடாகிவிடுகிறது.

73 ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை கொண்டுவந்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் இதுபோல ஒரு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, அக்டோபரில் ஆளுநரின் மறுப்பால் நின்றுபோனது. கோடு எழுதப் போனவர்களோடு சாதியும் விசா வாங்கிப் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் நாம் இந்த உரையை வடக்குக்கு எழுதப்பட்ட கடிதம்போலப் படிக்கிறோம். சமூகநீதி மண், 69 சதவீத இட ஒதுக்கீடு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், எனக்கும் உண்டு. ஆனால் மீமிசல் இருக்கிற அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் மறுகோடியில் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் பட்டியல் சாதியினர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர்மீதே. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. சகோதரத்துவம் இல்லையென்றால் சுதந்திரமும் சமத்துவமும் மேல்பூச்சுக்குமேல் ஆழமாகப் போகாது என்று அம்பேத்கர் சொன்னது இங்கேதான் உறைக்கிறது. தண்ணீர்க் குழாயை அரசு போட்டுத் தர முடியும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவரை நம்மவர் என்று பக்கத்துத் தெருக்காரர் நினைக்கும்படி எந்த அரசாணை செய்யும்?

பெருமை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சுதந்திரம் வந்துவிட்டதால் இனி எது கெட்டாலும் வெள்ளைக்காரனைக் கைகாட்ட முடியாது என்றுதான் எச்சரிக்கிறார். தன் வீட்டுக் குற்றத்தைத் தன்னுடையது என்று சொல்லத் தெரிந்த பெருமை அது. நம் ராக்கெட் வீடியோ பெருமைக்கு அந்தப் பழக்கமில்லை. கெட்ட செய்தி வந்தால் நாட்டின் மானத்தை வாங்குகிறார்கள் என்று கோபப்படத்தான் தெரியும்.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைப் பள்ளியில் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. ஓட்டு வாங்கி ஜெயித்தவர். செய்தி வெளியே வந்து, சில நாள் கழித்து ஆட்சியர் நேரில் போய் நின்று ஏற்ற வைத்தார். 2022 ஆகஸ்டில், ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். அது சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவுக்கு வீட்டுக்கு வீடு கொடியேற்றச் சொன்ன மாதம்.