மூன்றாம் பாலுக்குச் சான்றிதழ்

அண்ணாமலை நகரில் முதுகலை முதலாண்டு வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்பேன்: காமத்துப்பாலிலிருந்து ஒரு குறள் சொல்லுங்கள். கணவனைத் தொழுகிற பெண்ணைப் போற்றும் 55ஆம் குறள் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றாம் பால் என்றதும் வகுப்பு தலைகுனிந்துவிடும். பெண்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

இந்தக் கூச்சம் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் உண்டு. 1730இல் வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் எடுத்துக்கொண்டு இன்பத்தை விட்டுவிட்டார். பின்வந்த ட்ரூ பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 63 அதிகாரங்களோடு நின்றது. அது நின்றதற்குக் கூச்சமே காரணம் என்று சொல்லமாட்டேன். 1886இல் ஜி.யு. போப் 1330 குறளையும் ஆங்கிலச் செய்யுளாக்கினார். நூலின் தலைப்பிலேயே 'புனித' என்ற அடைமொழி. மூன்றாம் பாலைத் தப்பெண்ணத்தால் நெடுநாள் படிக்காமலே இருந்ததாக முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். படித்தபின், அது தூய்மையானதே என்று சான்றளிக்கிறார்.

அவருடைய நேர்மையை மதிக்கிறேன். அந்தச் சான்றிதழ்தான் உறுத்துகிறது. ஓர் ஒற்றனைக் கொண்டே இன்னோர் ஒற்றனை வேவு பார்க்கச் சொல்லும் ஒற்றாடல் அதிகாரம் இலத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் தடையின்றிப் போயிற்று. அதற்கு யாரும் தூய்மைச் சான்று கேட்கவில்லை. பெண்ணின் விருப்பத்துக்கு மட்டும் அது தேவைப்பட்டது.

காமத்துப்பாலின் 250 குறள்களில் பெரும்பகுதி தலைவியின் கூற்று. நாணத்தால் தாழிட்ட தன் மனக்கதவைக் காமம் உடைத்துவிட்டதாக நிறையழிதலில் அவளே சொல்கிறாள். அறத்துப்பாலில் பெண்ணைப் பற்றிப் பிறர் பேசுகிறார்கள். மூன்றாம் பாலில்தான் அவள் பேசுகிறாள். ஆகவே 1730இல் விடுபட்டது அவள் 'நான்' என்று சொல்லும் இடம். நூலை வேதமாக்க அந்தக் குரலை வெளியே நிறுத்த வேண்டியிருந்தது.

பழியைப் பாதிரிமார் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பரிமேலழகர் முப்பாலுக்கும் உரை செய்தார். அந்த உரையைக் கையில் வைத்திருக்கும் நாம்தான் நம் பெண்பிள்ளைகளை 55இல் நிறுத்திவைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு குறள் பாடத்தை 126ஆம் அதிகாரத்தில் தொடங்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இதை அவளேவா சொல்றா?"

ஆமாம், அவளேதான்.