கைகள் வேண்டும், தலைமை வேண்டாமா?

நோயுற்றோர் அருகே இரவெல்லாம் விழித்திருக்க ஒருவரை நம்புகிறோம். அவரிடமே ஒரு வார்டின் பொறுப்பை ஒப்படைக்க ஏன் தயங்குகிறோம்? 2003-ஆம் ஆண்டு டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘எம்பயர் ஆஃப் கேர்’ என்னும் நூலைப் படித்து முடித்தபோது நம்முள் எழுந்த வினா இது. அமெரிக்கா சென்ற பிலிப்பைன்ஸ் செவிலியரின் வரலாற்றை ஆசிரியை கேதரின் செனிசா சோய் இதில் ஆய்ந்துள்ளார்.

வறுமையே அப்பெண்களைக் கடல் கடத்தியது என்பது பொதுவான எண்ணம். நூல் அதனை வேரோடு அசைக்கின்றது. 1898-இல் பிலிப்பைன்ஸைக் கைக்கொண்ட அமெரிக்கா, அங்கே தன் முறைப்படி செவிலியர் பள்ளிகளை வளர்த்தது. பாடத்திட்டம் அமெரிக்கருடையது, பயிற்றுமொழி ஆங்கிலம். ஆகவே, கப்பலேறும் முன்னரே அவர்கள் அமெரிக்க மருத்துவமனைக்கு ஏற்றவராக உருவாக்கப்பட்டிருந்தனர். இதனைச் சான்றுகளோடு நிறுவுவதே நூலின் தலையாய சிறப்பு எனலாம்.

1948-இல் தொடங்கிய பரிமாற்றத் திட்டத்தின்கீழ், 1956 முதல் 1969 வரை பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் செவிலியர் அங்குச் சென்றனர். இரண்டாண்டு கற்றுத் திரும்புவதே ஏற்பாடு. ஆயின் சில மருத்துவமனைகள் அவர்களைப் பயிற்சியாளர் என்றழைத்து, முழு ஊழியரின் வேலையை வாங்கிக்கொண்டு, உதவித்தொகை மட்டுமே ஈந்தன. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் நிலையாகக் குடியேற வாயில் திறந்தது. அடுத்து உரிமத் தேர்வு வழிமறித்தது. தேறாதவர் பலர் குறைந்த ஊதியத்தில் உதவியாளராயினர். தான் வகுத்த கல்வியையே ஒரு நாடு ஐயுற்ற முரண்பாடு இது!

உயிரோடு தொடர்புடைய தொழிலில் தேர்வு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒருவரின் திறமையை வார்டில் பயன்படுத்திக்கொண்டு, ஏட்டில் மட்டும் அதனை மறுப்பதே அநீதி.

ஐயம் எவ்வளவு கொடிதாகலாம் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் வழக்கு சான்று. 1975-இல் அங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நோயாளிகள் பலருக்குத் திடீரென மூச்சு நின்றது. ஃபிலிப்பினா நார்சிசோ, லியோனோரா பெரெஸ் என்னும் இரு செவிலியர் குற்றஞ்சாட்டப்பட்டு, 1977-இல் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். பின்னர் நீதிபதி மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். 1978-இல் வழக்கே கைவிடப்பட்டது. இப்பகுதியை ஆசிரியை நிதானம் இழவாது எழுதியிருப்பது பாராட்டுக்குரியது.

குறையும் ஒன்றுண்டு. 1922-இலேயே அனஸ்தாசியா ஹிரோன்-துபாஸ் அம்மையார் தம் நாட்டில் செவிலியர் சங்கம் நிறுவினார். அத்தகைய மரபில் வந்தோருள் எத்தனை பேர் அமெரிக்க மருத்துவமனைகளில் மேற்பார்வைப் பொறுப்பை எட்டினர்? எட்டாதவரைத் தடுத்தது எது? உரிமப் போராட்டங்களை விவரிக்கும் நூல், இவ்வினாக்களை அவ்வளவு விரிவாகத் தொடரவில்லை. உரிமம் பெற்றதோடு கதை முடிந்துவிடுவதில்லையே!

நூல் வெளிவந்த பின்னரும் வினா ஓயவில்லை. அமெரிக்கச் செவிலியருள் பிலிப்பைன்ஸ் மரபினர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே. ஆயினும் கொரோனாவில் இறந்த செவிலியருள் ஏறக்குறைய மூன்றிலொருவர் அவர்களே என்று ‘நேஷனல் நர்சஸ் யுனைடெட்’ தொழிற்சங்கம் 2020 செப்டம்பரில் அறிவித்தது. ஆபத்தின் முன்வரிசையில் இடம் தந்தவர்கள், ஆலோசனை மேசையிலும் இடம் தந்தனரா?

நம் பெண்மக்களும் வெளிநாட்டுத் தேர்வுகளுக்கு இரவு பகலாய்ப் படிக்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றிப் பெருமையுடன் பேசும் நாம், அங்கே அவர்கள் எவ்வாறு மதிக்கப்படுகின்றனர் என்றும் கேட்டறிதல் வேண்டும். அதற்கேனும் இந்நூல் படிக்கத்தக்கது.